பழைய கணினிக்குப் புதிய மானிட்டர்: வாங்கும் முன் சிபியூவின் பின்பக்கம் பாருங்கள்

பத்து வருடம் உழைத்த கணினி இன்னும் ஓடுகிறது. மானிட்டர் மட்டும் மங்கிவிட்டது, அல்லது குறுக்கே கோடு விழுந்துவிட்டது. நம் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலை. பிள்ளைகளின் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் அந்தக் கணினியே போதும் என்று மானிட்டர் மட்டும் வாங்கி வருகிறோம். மாட்டிப் பார்த்தால் கேபிள் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் திரையில் 'நோ சிக்னல்'. கடையில் போய்க் கேட்டால், "சிஸ்டத்தையே மாத்திடுங்க பாய்" என்கிறார்கள். பெரும்பாலும் அந்தச் செலவுக்குத் தேவையே இருக்காது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இணையம் பார்க்க, வேர்டு, எக்செல் திறக்க, பாட வீடியோ ஓட்ட வேகமான கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. மதர்போர்டோடு வரும் சாதாரண கிராபிக்ஸே போதும். கணினியில் எந்த போர்ட் இருக்கிறது, அந்த போர்ட் எவ்வளவு பெரிய படத்தை அனுப்பும் என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

சிபியூ பெட்டியைத் திருப்புங்கள். மேல்பகுதியில் யுஎஸ்பி துளைகளோடு இருப்பவை மதர்போர்டின் போர்ட்டுகள். அதற்குக் கீழே தனித் தகட்டில் போர்ட்டுகள் இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்று பொருள். மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும். தனி கார்டு இருக்கும்போது பல மதர்போர்டுகள் தம் சொந்த போர்ட்டை நிறுத்திவிடும். 'நோ சிக்னல்' புகாரில் ஒரு பங்கு இந்த இடம் மாறிய கேபிளால் வருவதுதான்.

நீல நிறத்தில் 15 ஊசித் துளைகளோடு இருப்பது விஜிஏ. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது. ஜி31, ஜி41 மதர்போர்டு போட்ட பழைய கணினிகளில் பெரும்பாலும் இது ஒன்றுதான் இருக்கும். 1920க்கு 1080 என்ற முழு எச்டி படத்தை இதுவும் அனுப்பும். எழுத்து சற்று மங்கலாகத் தெரிந்தால் மானிட்டரிலுள்ள 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் ஓரளவு சீராகும். குறைந்த விலை மானிட்டர்கள் பலவற்றில் இன்றும் விஜிஏ இருக்கிறது. இத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து வாங்கினால் வேலை முடிந்தது.

வெள்ளை நிறத்தில் அகலமாக இருப்பது டிவிஐ. சிங்கிள் லிங்க் என்றால் 1920க்கு 1200 வரை, நடுவில் கூடுதலாக ஆறு ஊசிகள் கொண்ட டூயல் லிங்க் என்றால் 2560க்கு 1600 வரை அனுப்பும். இதிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண கேபிளே போதும். படம் தெளிவாக வரும். ஒலி மட்டும் சில கார்டுகளில் வராது.

எச்டிஎம்ஐயில்தான் பலருக்குப் பணம் வீணாகிறது. துளையின் வடிவம் தொடக்கத்திலிருந்து ஒன்றுதான். உள்ளே திறன் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2009-ல் வந்த 1.4 பதிப்பு, 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். 2013-ல் வந்த 2.0 பதிப்புதான் 60 தடவை தரும். 30-ல் ஓடும் திரையில் மவுஸ் அம்புக்குறியே தயங்கித் தயங்கி நகரும். நாள் முழுக்க வேலை செய்பவருக்குக் கண் சலித்துவிடும். இன்டெலின் ஒன்பதாம் தலைமுறை வரையிலான கணினிகளில் மதர்போர்டு எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4தான். ஊரில் அசெம்பிள் செய்த கணினிகளில் மிகப் பரவலாக இருந்த எச்61 மதர்போர்டில் இரண்டாம் தலைமுறை செயலி இருந்தால், எச்டிஎம்ஐ வழியாக 1920க்கு 1200தான் எல்லை. முழு எச்டிக்குத் தாராளம். 4கே திரை வாங்கி மாட்டினாலும் கிடைப்பது முழு எச்டிதான். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குப் பயனில்லை.

தனி கார்டுகளில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 960, 970, 980 முதலும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 400 வரிசை முதலும் எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறது. ஜிடி 710-ல் 1.4தான். உங்களுடையது எது என்று அறிய, விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்தால் பெயர் தெரியும்.

அலுவலகங்களில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற கணினிகளை இப்போது பலர் வாங்குகிறார்கள். அவற்றில் எச்டிஎம்ஐ இல்லையே என்று திகைப்பார்கள். ஒரு மூலை வெட்டியது போன்ற துளை இருக்கும்; அதுதான் டிஸ்ப்ளே போர்ட். இது எச்டிஎம்ஐக்குக் குறைந்ததல்ல. இன்டெல் நான்காம் தலைமுறை செயலியில் எச்டிஎம்ஐயால் இயலாத 4கே 60-ஐ டிஸ்ப்ளே போர்ட் தரும். இதிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகும் கேபிள் எளிதாகக் கிடைக்கிறது.

கன்வர்ட்டர் வாங்கும்போது திசை முக்கியம். கடைகளில் அதிகம் தொங்குவது எச்டிஎம்ஐ கணினியை விஜிஏ மானிட்டரோடு இணைப்பது. நமக்கு வேண்டியதோ விஜிஏ கணினியை எச்டிஎம்ஐ மானிட்டரோடு இணைப்பது. முதலாவதைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. இரண்டாவது வகையில் சிக்னலை மாற்றும் சில்லு இருக்கும்; பெரும்பாலும் மின்சாரத்துக்கு ஒரு யுஎஸ்பி ஒயரும் இருக்கும். இரு முனையும் உள்ள வெறும் விஜிஏ-எச்டிஎம்ஐ கேபிளை மலிவு என்று வாங்காதீர்கள்.

சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ விடுமுறையில் வரும் மச்சான், "27 இஞ்ச் மானிட்டர் எடுத்துட்டு வரேன்" என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. சிபியூவின் பின்பக்கத்தையும் டிவைஸ் மேனேஜர் காட்டும் பெயரையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அங்கே பிளக் சதுரக் கால் கொண்டது. நம் சாக்கெட்டுக்கு வேறு பவர் கேபிள் வேண்டும்.

அரிதான சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகள் சிலவற்றில் புதிய மானிட்டரை டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டினால், கணினி தொடங்கும்போது திரை கறுப்பாகவே நிற்கும். விண்டோஸ் வந்த பிறகே படம் வரும். மானிட்டர் பழுது என்று எண்ண வேண்டாம். இதற்கென என்விடியா 2018-ல் தன் தளத்தில் இலவசத் திருத்தக் கருவி ஒன்றை வெளியிட்டது. அதுவரை எச்டிஎம்ஐயில் மாட்டிக்கொள்ளலாம்.

உண்மையிலேயே 4கே தேவை, கணினியில் வழியில்லை என்றால், ஜிடி 1030 போன்ற சிறிய கார்டு ஒன்று போதும். சுமார் 30 வாட் மின்சாரம்தான் எடுக்கும். பவர் சப்ளையை மாற்ற வேண்டாம். ஒல்லியான அலுவலகப் பெட்டிக்கு 'லோ புரொஃபைல்' தகடு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பிள்ளைகள் அதில் கேம் விளையாடக் கேட்டால் கணக்கு வேறு. முழு எச்டியில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 4கேயில் 82.9 லட்சம். நான்கு மடங்கு புள்ளிகளைக் கேம் நடக்கும் வேகத்தில் வரைந்து தள்ள இந்தச் சிறிய கார்டால் ஆகாது.

நம் பரிந்துரை: ஐந்தாறு வருடத்துக்கு மேற்பட்ட கணினி என்றால் 22 அல்லது 24 அங்குல முழு எச்டி மானிட்டர் வாங்குங்கள். பெட்டியில் 75, 100 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் பழைய கார்டில் 60-ல் ஓடும், கெடுதல் ஒன்றுமில்லை. மாட்டிய பின் முகங்கள் குண்டாகத் தெரிந்தால், 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போய் 1920க்கு 1080 என்று மாற்றுங்கள். அந்த அளவே பட்டியலில் இல்லையென்றால் கிராபிக்ஸ் டிரைவர் பதிவாகவில்லை. மதர்போர்டு அல்லது கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டதும் வந்துவிடும்.