போர்வைக்குள் ஒரு படம்

1998. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' வேலை மும்முரமாக நடக்கிறது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான்! கௌபாய் பொம்மை வுடியின் தொப்பியைக் காணோம், பூட்ஸைக் காணோம், அப்புறம் வுடியையே காணோம்! அலறியடித்து மெஷினை நிறுத்துவதற்குள் சுமார் 90 சதவிகிதம் காலி.

'பேக்கப் இருக்குமே!' என்கிறீர்களா? இருந்தது. அது ஒழுங்காகப் பதிவாகவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. சோதித்துப் பார்த்தால்தானே? (நாம மட்டும் பார்க்கிறோமாக்கும்!)

காப்பாற்றியது ஒரு கைக்குழந்தை. பிரசவமாகி வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சுஸ்மனின் கம்ப்யூட்டரில் படத்தின் நகல் இருந்தது! பெட்டியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு, குழந்தையைப்போலக் கொண்டு வந்தார்கள். 1999 நவம்பரில் படம் ரிலீஸ்.

2023-ல் ஆட்குறைப்பு செய்தது பிக்ஸார். வேலை போனவர்களில் கேலினும் ஒருவர்.