கோடை முடிந்த பிறகு: வடசென்னைக் கணித ஆசிரியர்களும் பல்கலைக்கழகமும்

1856-ஆம் ஆண்டில் வடசென்னை மூன்று தொடக்கங்களைக் கண்டது. ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தார்கள். பெரம்பூரில் மதராஸ் ரயில்வே தன் பட்டறையை அமைத்தது. பக்கத்திலேயே வேப்பேரியில், ஆசிரியர்களைப் பழக்குவதற்கான அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆக, இந்த நகரத்தில் அந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளி பல்கலைக்கழகத்தைவிட ஓராண்டு மூத்தது. அது பிறந்த இடமும் வடக்கு.

பட்டறை பெரம்பூரிலேயே வேர்விட்டது. 1955-இல் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் அருகில் வந்தது. நார்மல் பள்ளியோ சைதாப்பேட்டைக்குப் போய் ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தில் நின்றது. கணித அறிவியல் நிறுவனம் பின்னாளில் தரமணியில் அமைந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களும் வடக்கே இருக்க, கணிதத்தை ஆராய்பவர்கள் தெற்கே இருந்தார்கள். இந்த இடைவெளியைக் கடக்க யார் யார் முயன்றார்கள், எது நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் தேடல்.

பல்கலைக்கழகம் ஒருமுறை இந்தப் பக்கம் கை நீட்டியதை எல்லோரும் அறிவோம். 1912-இல் மாதம் 30 ரூபாய்க்குத் துறைமுகக் கழக எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜனுக்கு, 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. இரண்டு ஆண்டுகளுக்கான அந்த ஏற்பாட்டில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் அறிக்கை தர வேண்டும். மேதையைப் பற்றிப் பேசும்போது இந்த விவரத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: பணம், நேரம், தவணை தவறாத தொடர்பு, மூன்றும் ஒன்றாக இருந்தன. பள்ளி ஆசிரியர்களுக்கான எந்த ஏற்பாட்டையும் இந்த மூன்றை வைத்தே எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்கள் பக்கம் பார்வை திரும்ப நாளாயிற்று. 1907-இல் தோன்றிய இந்தியக் கணிதச் சங்கம், கற்பிப்பவர்களையும் மாணவர்களையும் மனத்தில் வைத்து 1933-இல் தனியாக ஓர் இதழைத் தொடங்கியது. 1952–53-இல் இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அதன் தொடர்ச்சியாகப் பயிற்சிக் கல்லூரிகளில் விரிவாக்கப் பணித் துறைகள் உருவாயின. பணியில் இருக்கும் ஆசிரியரும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் நிர்வாக வடிவம் பெற்றது.

கணிதத்தில் பெரிய பாய்ச்சல் 1963-இல் வந்தது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்குக்குப் பிறகு அமெரிக்கா தன் பள்ளிக் கணக்கைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. பல்கலைக்கழக மானியக் குழுவும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவும் அமெரிக்க உதவியோடு கோடைக்காலப் பயிற்சிகளை நடத்தின. ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் பல வாரங்கள் உயர்கல்வி நிறுவனங்களில் தங்கி, பேராசிரியர்களிடம் கணங்களையும் புதிய வடிவியலையும் கற்றார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் கரும்பலகை முன் மீண்டும் தனியாக நின்றார்கள். ஜூலையில் எழும் சந்தேகத்தை யாரிடம் கேட்பது? பேராசிரியரின் வேலை மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பாடம் நடத்த ஆள் இருந்தார். தொடர்பைக் காக்க ஆள் இல்லை.

1964–66 கோத்தாரி கல்விக் குழு இதைத் துல்லியமாகக் கண்டது. ஆசிரியர் கல்வி பல்கலைக்கழக வாழ்விலிருந்தும், பள்ளிகளிலிருந்தும், தனக்குள்ளேயும் துண்டுபட்டுக் கிடக்கிறது என்றது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அந்தக் குழு ஆய்ந்துகொண்டிருந்த 1965-இலேயே சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பி.கே. சீனிவாசன், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். அமெரிக்காவில் ஃபுல்பிரைட் பரிமாற்ற ஆசிரியராகவும், நைஜீரியாவில் ஆசிரியராகவும் இருந்தவர். பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒரே மேடையில் உட்காரும் ஆண்டு மாநாடுகள், ஆசிரியர்களுக்கான இதழ், சிறுவர்களுக்குத் தனி இதழ், வகுப்புவாரித் திறன் போட்டிகள் என்று சங்கத்தின் வேலை ஆண்டு முழுக்க நீண்டது. ஐந்து, ஆறாம் வகுப்புக்கான போட்டிக்குக் கணித மேதை காஸின் பெயர். ஏழு, எட்டுக்கு, தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கரின் பெயர். அந்த இரண்டாவது பெயரை வைத்தவர்களின் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

சீனிவாசன் ஆசிரியர்களிடம் என்ன கொண்டுபோனார் என்பதற்கு ஒரு சான்று. பலசரக்குக் கடையில் இனாமாகக் கிடைக்கும் மாதக் காலண்டரை வைத்து அவர் ஒரு புத்தகமே எழுதினார். அந்த வகைக் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். காலண்டரில் நான்கு தேதிகளைச் சதுரமாக வளைத்துக்கொள்ளுங்கள்: மேலே 8, 9, கீழே 15, 16. எதிர் மூலைகளைக் கூட்டினால் இரண்டு பக்கமும் 24. பெருக்கினால் 8×16=128, 9×15=135; வித்தியாசம் 7. வேறு சதுரம் எடுத்தாலும் 7-தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரு விளையாட்டு. எட்டாம் வகுப்பில் முதல் தேதியை அ என்று வைத்தால், (அ+1)(அ+7) என்பதிலிருந்து அ(அ+8)-ஐக் கழிக்க 7 மிஞ்சுகிறது. இயற்கணிதம் எதற்கு என்ற கேள்வி அங்கே அடங்குகிறது. வாரத்துக்கு எட்டு நாள் இருந்தால் என்ன வரும் என்று ஆசிரியர் அடுத்துக் கேட்டால், வகுப்பே ஆராய்ச்சிக்குள் நுழைந்துவிடும். கருவிக்குச் செலவில்லை. ஆசிரியருக்கு வேண்டியது அடுத்த கேள்வி எது என்ற தெளிவு. அந்தத் தெளிவை ஐந்து நாள் பயிற்சியில் ஊட்டிவிட முடியாது. கூடிக்கூடிப் பேசித்தான் வரும்.

1968-இல் ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் சீனிவாசன் தொகுத்தார். நினைவு மலராக அதை வெளியிட்டது முத்தியால்பேட்டைப் பள்ளி. இன்று உலகெங்கும் ராமானுஜன் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் மூல ஆவணம் அது. பள்ளிக்கூடம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது என்ற பக்கத்தையும் வரலாறு பதிய வேண்டும். 1993-இல் ராயபுரம் சோமு செட்டி நான்காம் சந்தில், அவ்வை அகாடமியில், ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் சீனிவாசனின் முயற்சியால் எழுந்தன.

இதற்கிடையே அரசின் பாதை வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், 1987-இல் இரண்டு திட்டங்கள் வந்தன. கல்லூரி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்களிலேயே புத்தொளிப் பயிற்சி. பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். பள்ளிக்கு அருகில் பயிற்சி வந்தது நல்லதே. ஆனால் கல்லூரி ஆசிரியருக்குத் திறந்த பல்கலைக்கழகக் கதவு பள்ளி ஆசிரியருக்குத் திறக்கவில்லை. பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்து, வட்டார வள மையம், குறுவள மையம் என்று படிப்படியாக இறங்கும் பயிற்சி முறை நிலைபெற்றது. முதன்மைக் கருத்தாளர் கேட்டதைக் கருத்தாளர் சொல்ல, அவர் சொன்னதை ஆசிரியர் கேட்கிறார். ஒவ்வொரு படியிலும் ‘எப்படி நடத்துவது’ தங்குகிறது, ‘ஏன் அப்படி’ உதிர்கிறது.

2005 ஜூனில் சீனிவாசன் மறைந்தார். அந்த ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு நெடுங்காலம் நடந்தவர். கணித வளங்களால் ஆசிரியரைச் செழுமைப்படுத்துவது அக்குழுவின் நான்கு முதன்மைப் பரிந்துரைகளுள் ஒன்று.

மூன்றே ஆண்டில், 2008-இல், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தனியாக உருவாக்கப்பட்டது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த பி.எட். கல்லூரிகள் அதன் கீழ் போயின. கணிதத் துறை ஒரு பல்கலைக்கழகத்தில், கணிதம் கற்பிக்கும் கலை இன்னொன்றில். கோத்தாரி குழு சுட்டிய துண்டிப்பு இப்படிச் சட்டப்படியே நிலைபெற்றது என்பது என் கணிப்பு.

இன்று பெரம்பூரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை தன் பி.எட். பட்டத்தை ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திடமும், பணியிடைப் பயிற்சியைக் கல்வித் துறையிடமும் பெறுகிறார். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர்நிலைக் கணித நிறுவனம் அவரிடமிருந்து சில கிலோமீட்டர்தான். குறுவள மையக் கூட்டம் நடக்கும் சனிக்கிழமை ஒன்றில், அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு மாணவர் பேருந்து ஏறி வந்து, பின்பெஞ்சில் உட்கார்ந்து, வாரத்துக்கு எட்டு நாள் இருந்தால் என்ன ஆகும் என்ற பேச்சில் கலந்துகொள்ளலாம். அடுத்த மூன்றாம் மாதம் அவரே மறுபடியும் வர வேண்டும்.