ஊட்டலும் மறக்கடித்தலும்: குழந்தை உணவுக் கலைச்சொற்களின் வரலாறு

குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு கொடுப்பதும் முலைப்பாலை நிறுத்துவதும் தமிழில் இருவேறு செயல்கள். முன்னது ஊட்டல், பின்னது மறக்கடித்தல். இரண்டிற்கும் இடையே ஓராண்டோ அதற்கு மேலோ கழிவதுண்டு. பிள்ளைப் பருவங்களைக் கூறும் இலக்கண மரபு அமுதூட்டலை ஏழாம் திங்களுக்கு உரியதாக்குகிறது. மறக்கடித்தல் என்னும் பிறவினை வடிவமோ, மறக்க மறுக்கும் பிள்ளையையும் மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளும் தாயையும் ஒருசேரக் காட்டுகிறது.

ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ‘வீனிங்’ என்னும் ஒரே சொல் நெடுங்காலம் வழங்கியது. இதன் மூலமான பழைய ஆங்கில வினைக்குப் ‘பழக்குதல்’ என்பதே பொருள். ஜெர்மன் மொழி பழக்குதலையும் பழக்கம் விடுவித்தலையும் இன்றும் முன்னொட்டால் வேறுபடுத்துகிறது. ஆங்கிலத்தில் அம்முன்னொட்டு தேய்ந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஒரு சொல்லே இரு சுமையையும் தாங்கலாயிற்று. இச்சொல்லைப் ‘பால் மறக்கச் செய்தல்’ என அகராதி வழி நின்று பெயர்க்கும்போது, ஊட்டத் தொடங்க வேண்டிய மாதத்தில் பாலை நிறுத்த வேண்டும் என்னும் பொருள் தோன்றிவிடுகிறது. ஆறு மாதக் குழந்தைக்கு இதனால் நேரும் இழப்பு சொல்லளவில் நிற்பதன்று.

பல மொழிகள் கூடும் இடங்களில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. மும்பை செம்பூரை அடுத்த திலக் நகரில் வாழும் தமிழ்த் தாய்க்கு வீட்டு முதியோர் தமிழிலும், அங்கன்வாடிப் பணியாளர் மராத்தியிலும், மாவுப்பால் டப்பா ஆங்கிலத்திலும் அறிவுரை கூறுவர். இவ்வட்டாரம் இத்துறை வரலாற்றில் முன்னிற்பது. 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் தாராவியும் இடம்பெற்றது. தாராவியை ஒட்டிய சயானில், திலகரின் பெயரையே தாங்கிய லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில், மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் 1989 நவம்பர் 27 அன்று ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தோன்றியது. தாய்மார் கொடுத்த பாலைப் பதப்படுத்திக் குறைமாதக் குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கிட்டாத பிற குழந்தைகளுக்கும் அளிப்பது அதன் பணி. அகப்பாடல்களில் வளர்ப்புத்தாயைக் குறித்த ‘செவிலி’ இன்று மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்கிறது. முகமறியாத் தாயொருத்தியின் பாலை மற்றொருத்தியின் குழந்தைக்குப் புகட்டுபவரும் அவரே. சொல் தன் பழைய பொருளுக்குப் பாதி திரும்பிவிட்டது எனலாம்.

சட்டத்தின் மொழி பொதுவழக்கைவிடத் தெளிவானது. 1992ஆம் ஆண்டின் குழந்தைப்பால் மாற்றுப் பொருட்கள் சட்டம் 1993 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாக வருவதை ஒன்றாகவும், அதனை நிறைவு செய்ய வருவதை வேறொன்றாகவும் அது வரையறுத்தது. அன்று நிறைவு உணவிற்குரிய தொடக்கம் நான்கு மாதம். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஆறு மாதமாக்கியது. தாய்ப்பாலே சிறந்தது என்னும் வாசகம் ‘பெரிய எழுத்துகளில்’ அமைய வேண்டும் என்கிறது இச்சட்டம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லாத இந்திய வரிவடிவங்களுக்கு இவ்விதி எவ்வாறு பொருந்தும் என்பதை வரைந்தோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ‘வீனிங்’கை விடுத்து, நிறைவு செய்யும் உணவு என்னும் பொருள்தரும் தொடரைத் தலைப்பில் கொண்டது. இதற்குத் தமிழகத்தில் ‘இணை உணவு’ என்னும் பெயர் சத்துமாவின் வழியாகப் பரவியுள்ளது. ஆனால் ‘இணை’ ஒப்புமையையும் குறிக்கும். தாய்ப்பாலுக்கு இணையான உணவு எனப் படிக்க இடமுண்டு. ‘துணை உணவு’ இக்குறையற்றது. மராத்தியில் ‘பூரக் ஆஹார்’ எனும் நூல்வழக்கோடு, மேற்கொண்டு தரப்படும் உணவு எனப் பொருள்படும் ‘வர்சா ஆஹார்’ என்பதும் பேச்சில் உண்டு. அம்மொழியில் முதற்சோற்றுச் சடங்கின் பெயர் ‘உஷ்டாவண்’. எச்சில் எனப் பொருள்படும் சொல்லின் அடியாகப் பிறந்தது. மூன்றிலும் பாலை நிறுத்தும் குறிப்பு இல்லை.

‘திட உணவு’ என்பதும் பொருந்தாது. முதலில் ஊட்டப்படுவது குழைத்த சோறே. எனினும் மறுபக்கத் தவற்றையும் மறைத்தல் கூடாது. பருப்புத் தண்ணீரை உணவெனக் கொடுக்கும் வழக்கம் இரு மொழியாரிடமும் உண்டு. கரண்டியிலிருந்து வழிந்தோடாத கெட்டியே வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. மரபு எல்லாவற்றிலும் சரியாக நின்றதுமில்லை. பசுவின் சீம்பாலைக் காய்ச்சி விரும்பி உண்டவர்களே தாயின் முதற்பாலைப் பீய்ச்சிக் கொட்டினர். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைத்தனர். நலவாழ்வு நூல்கள் பசுவிற்குரிய சீம்பால் என்னும் சொல்லையே தாய்க்கும் ஆண்டது நல்ல தேர்வு. விரும்பப்பட்ட பொருளின் மதிப்பு அதனோடு வந்து சேர்ந்தது.

‘முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே உணவு’ என்னும் தொடர் இலக்கணப்படி குற்றமற்றது. ஆயினும் தமிழில் தண்ணீர் உணவன்று. வசம்பும் மாசிக்காயும் உரைத்த உரைமருந்தும் உணவன்று. மராத்தியரின் ‘பாள்குட்டி’யும் அவ்வாறே. இவற்றைக் கொடுத்துக்கொண்டே, பால் மட்டுமே தருவதாக ஒரு தாய் கூறினால் அவள் கூற்றில் பொய்யில்லை. எனவே மொழிபெயர்ப்பாளர் ‘மட்டுமே’ என்பதோடு நில்லாமல் தண்ணீர், தேன், உரைமருந்து ஆகியவற்றைப் பெயர் சொல்லியே விலக்க வேண்டியுள்ளது.