காகிதச் சுருளில் எஞ்சிய இசை: தானியங்கிப் பியானோவும் அதன் சீரமைப்பும்

இசை, ஒலிக்கும் கணத்திலேயே மறையும் இயல்பினது. அதனைப் பிடித்துவைக்க மனிதன் கண்ட வழிகளுள் இசைத்தட்டு யாவரும் அறிந்தது. துளையிட்ட காகிதச் சுருளோ நம்மிற் பலர் அறியாதது. அச்சுருளைக் கொண்டு தானே இசைக்கும் பியானோ, இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் அமெரிக்க, ஐரோப்பிய இல்லங்களிற் பெருவழக்காய் இருந்தது.

1895ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் எட்வின் வோட்டி என்பார் 'பியானோலா'வை உருவாக்கினார். முதலில் அது பியானோவின் முன் நிறுத்தப்படும் தனிப்பெட்டி. அதன் மரவிரல்கள் கட்டைகளை அழுத்தும். பின்னர் அவ்வமைப்பு பியானோவின் உள்ளேயே இடம்பெற்றது. நிறுவனந்தோறும் சுருளின் அளவு வேறுபட்டதால் விளைந்த குழப்பத்தை, 1908இல் பஃபலோ நகரிற் கூடிய உற்பத்தியாளர் மாநாடு தீர்த்தது. 11¼ அங்குல அகலம், 88 சுரங்கள், அங்குலத்துக்கு ஒன்பது துளைகள் என்பது பொது அளவாயிற்று.

இக்கருவி இயங்குவது காற்றால். மிதிகட்டையை மிதிக்க, உள்ளிருக்கும் காற்று உறிஞ்சப்படுகிறது. சுருளின் துளை பித்தளைச் சட்டத்தின் துளையோடு பொருந்தும்போது, அவ்வழியே நுழையும் காற்று ஒரு மெல்லிய தோற்சவ்வை உயர்த்துகிறது, அடைப்பிதழ் திறக்கிறது, சிறு துருத்தி சுருங்கிச் சுத்தியலை இயக்குகிறது.

1904இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து வெல்ட்டே நிறுவனம் இதனினும் ஒருபடி மேலே சென்றது. கலைஞரின் விரைவை மட்டுமன்றி, விரலழுத்த வேறுபாட்டையும் மீட்டுத்தரும் 'வெல்ட்டே மிக்னான்' அமைப்பை அது வெளியிட்டது. 1905 நவம்பர் 9 அன்று லைப்சிக் நகரில் குஸ்தாவ் மாலர் தம் படைப்புகளில் நான்கை இவ்வமைப்புக்காக வாசித்தார். 1911இல் மறைந்த அம்மேதையின் வாசிப்புக்கு வேறு ஒலிப்பதிவு இல்லை. அவர் விரல்களின் சுவடு அக்காகிதத்தில் மட்டுமே உள்ளது.

1923இல் அமெரிக்காவில் உற்பத்தியான பியானோக்களிற் பாதிக்கு மேற்பட்டவை தானியங்கிகளே. ஆயின் வானொலியும், 1925இல் வந்த மின்முறை ஒலிப்பதிவும், 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் அத்தொழிலைச் சாய்த்தன. பழுதான உறுப்புகளை வீண்சுமையெனப் பிடுங்கியெறிந்து, வெறும் பியானோவாக வைத்துக்கொண்டோர் பலர்.

எஞ்சியவற்றைச் சீரமைப்போர் காலத்தோடு போராடுகின்றனர். துருத்தியின் ரப்பர் துணி இறுகி வெடிக்கிறது. தோற்சவ்வு காற்றைக் கசியவிடுகிறது. ஈயக் குழாய்கள் அரிக்கப்பட்டு அடைபடுகின்றன. பழைய தச்சர்கள் உறுப்புகளை வச்சிரப் பசையால் ஒட்டினர். வெப்பமும் ஈரமும் பட்டால் அப்பசை இளகும். உறுப்பைச் சேதமின்றிப் பிரிக்கலாம். பிற்காலத்தில் சிலர் வலிமை கருதிச் செயற்கைப் பசைகளைக் கையாண்டனர். விளைவு, அடுத்து வந்தவர் பிரிக்க முயன்றபோது பசை விடவில்லை, மரம் பிளந்தது. பின்வருபவர் மாற்றத்தக்கதாய் வேலை செய்க என்னும் நெறி இவ்வனுபவத்திற் பிறந்ததே.

2014 முதல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சுருள்களை எண்ணியற் படிமங்களாக்கும் பணியில் ஈடுபட்டது. நொறுங்கும் காகிதத்துக்கு அது நற்காப்பு. ஆயினும் படிமம் காப்பது துளைகளை மட்டுமே. அத்துளை எத்தனை மென்மையாய் ஒலித்தது என்பதற்குச் சான்று, செப்பமாய் இயங்கும் கருவியே. துருத்தி கசிந்தால் மென்மை கெடும். சுருளின் வேகம் பிசகினால் தாளகதி திரியும். அப்போது நாம் கேட்பது மாலரை அன்று, பழுதை.

பிழைபட்ட பாடம் புலவனுக்கே பழியாவதை நாம் அறிவோம். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் கொண்ட பொறுப்பே பசையும் தோலும் ஏந்திய இக்கைவினைஞர்க்கும் உரியது.