இம்பர் கிராமத்துக்குப் போகும் சிவப்பு பஸ்

லண்டனுக்கு வந்த எங்கட பெரியவர்கள் கனபேர் இங்கத்தைய சிவப்பு இரட்டைத்தட்டு பஸ்ஸைக் கண்டு அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. "உது கொழும்பிலயும் ஓடினதுதானே" என்று சொல்லுவினம். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். அது வெறும் ஒப்பீடு இல்லை, உண்மையாகவே அதே பஸ்தான். 1958 ஜனவரி முதலாம் திகதி இலங்கையில் தனியார் பஸ் கொம்பனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. ஓட்டுவதற்குப் போதிய பஸ் சபையிடம் இல்லை. அதே காலத்தில் லண்டனில் ஆர்.ரி. வகைப் பழைய பஸ்களைக் கழித்து விற்கத் தொடங்கினார்கள். அவை நூற்றுக்கணக்கில் கப்பலேறிக் கொழும்புக்குப் போயின. இரண்டு நாட்டிலும் வாகனம் றோட்டின் இடப்பக்கம்தான் ஓடுகிறது. அதனால் பின்பக்கம் இடதுகைப்புறமாகத் திறந்திருக்கும் ஏறுதட்டை வெட்டி மாற்ற வேண்டிய தேவை இல்லாமல் போனது. பெயின்ரை மட்டும் மாற்றி ஓட விட்டார்கள்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலை பார்க் றோயலில் இருக்கிறது. பெட்டியில் அடைத்து விற்கிற சாப்பாட்டு வேலை. எங்கட ஆக்கள் எத்தனையோ பேர் அந்தப் பக்கம் இரவு வேலை, பகல் வேலை என்று மாறி மாறிச் செய்கிறார்கள். ஆனால் அதே பார்க் றோயலில்தான் இந்த பஸ்களின் உடம்பைச் செய்தார்கள் என்பது வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் வரைக்கும் எனக்குத் தெரியாது. இயந்திரமும் அடிப்பாகமும் சவுத்தோலில் இருந்த ஏ.ஈ.சி. தொழிற்சாலையில் இருந்து வந்தன. அது 1979இல் பூட்டுப்பட்டது. பார்க் றோயல் பஸ் தொழிற்சாலை அடுத்த வருடம், 1980இல் போனது. இப்போது அந்தப் பக்கம் களஞ்சியங்களும் எங்களைப் போன்றவர்களை வைத்து நடக்கிற சாப்பாட்டுத் தொழிற்சாலைகளும்தான்.

ஓய்வு நாட்களில் கையில் ஒரு பழைய நிக்கோன் கமராவோடு திரிவது என் பழக்கம். பழைய வாகனங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பேன். நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியப் பொழுதில் ஹைட் பார்க்கில் இருந்து பிறைற்ரனுக்குப் பழங்கார்கள் புறப்படும். 1905க்கு முன்னர் செய்த கார்கள் மட்டும். காரை மனிதன் நடக்கிற வேகத்தில் ஓட்ட வைத்த சட்டத்தை 1896இல் எடுத்து, மணிக்கு 14 மைல் போகலாம் என்று விட்டதைக் கொண்டாடும் ஓட்டம் அது. அதுக்கு முந்திய காலத்தில் ஒரு ஆள் வாகனத்துக்கு முன்னால் நடந்து போகவேண்டும், ஆரம்பத்தில் அவர் கையில் சிவப்புக் கொடியும் இருக்கவேண்டும்! அதைப் பற்றி எழுதினால் அது தனிக்கட்டுரையாகப் போகும். நான் இங்கே சொல்ல வந்தது இம்பருக்குப் போகிற பஸ்ஸைப் பற்றி.

அந்த பஸ் கொழும்புக்குப் போன ஆர்.ரி. வகையின் தம்பி. பெயர் ரூட்மாஸ்டர். முதல் மாதிரியை 1954இல் காட்டினார்கள், 1956இல் றோட்டில் ஓட விட்டார்கள், 1968 வரைக்கும் 2,876 செய்தார்கள். அலுமினியத்தால் செய்த உடம்பு, அதனால் பாரம் குறைவு, 64 பேர் இருக்கலாம். இந்த வேலையை எங்கே படித்தார்கள் தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் போக்குவரத்துச் சபையும் பார்க் றோயல் போன்ற கொம்பனிகளும் சேர்ந்து ஹலிபக்ஸ் என்ற குண்டுவீச்சு விமானங்களைச் செய்தன. தகரம் போல மெல்லிய அலுமினியத்தை மடித்து, ஆணி அடித்து, பாரம் தாங்க வைக்கிற கைப்பழக்கம் அங்கே வந்தது. குண்டுபோட விமானம் செய்த கைகள் பிறகு சனம் ஏற பஸ் செய்தன. குண்டு விமானத்துக்குப் பயந்து பங்கருக்குள் ஓடின எங்களுக்கு இதை வாசிக்க ஒரு மாதிரித்தான் இருக்கும்.

2005 டிசம்பர் 9ஆம் திகதி 159ஆம் இலக்கப் பாதையில் ரூட்மாஸ்டரின் நாளாந்த ஓட்டம் முடிந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர் அதில் ஏற முடியாது, கொண்டக்டருக்கும் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும். பழசை விரும்புகிறவர்கள் இன்னும் புறுபுறுக்கிறார்கள். என் கணக்கில் நிற்பாட்டியது சரிதான். ஏறமுடியாத பஸ் எவ்வளவு வடிவாக இருந்தாலும் எல்லாருக்கும் உரிய பஸ் ஆகாது. ஆனால் நூற்றுக்கணக்கான ரூட்மாஸ்டர்களைத் தனிப்பட்ட ஆக்கள் வாங்கி, வீட்டு மிருகம் வளர்ப்பது போல வளர்க்கிறார்கள். வருடத்தில் ஒருநாள், பெரும்பாலும் ஓகஸ்ட் மாதத்தில், அவற்றில் இருபது முப்பது வரையில் வில்ற்சயர் மாவட்டத்தில் உள்ள வோர்மின்ஸ்ரர் ரயில் நிலையத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும். பஸ்ஸின் நெற்றியில் 23ஏ என்று இலக்கம் இருக்கும். போகும் இடம் இம்பர்.

இம்பரில் ஒருத்தரும் இல்லை. 1943இல் இருந்து இல்லை.

சால்ஸ்பரி சமவெளியின் நடுவில், எந்த ஊருக்கும் கிட்ட இல்லாமல் இருந்த சிறிய கிராமம் அது. 1086இல் எடுத்த பழைய குடிக்கணக்கிலேயே அதன் பெயர் இருக்கிறது. 1851இல் 440 பேர் இருந்தார்கள், 1931இல் 152 பேர். கமமும் ஆடு வளர்ப்பும்தான் தொழில். பிரித்தானிய யுத்த அமைச்சு 1897இல் இருந்து சமவெளிக் காணிகளைப் பயிற்சிக்காக வாங்கிக்கொண்டு வந்தது. 1920களின் கடைசியில் கமத்தில் விளைந்ததுக்கு விலை இல்லாமல் போக, கமக்காரர்கள் நல்ல விலை வந்ததே என்று இம்பர் நிலத்தையும் விற்றார்கள். விற்றுவிட்டு அதே நிலத்தில் குத்தகைக்கு இருந்தார்கள். கோயில் போன்ற ஒருசில இடங்கள் தவிர மற்றது எல்லாம் அமைச்சின் கைக்குப் போனது. அப்போது யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஆடு மேய்ந்தது, பள்ளிக்கூடம் நடந்தது, வீடு வீடாகவே இருந்தது.

1943 நவம்பர் முதலாம் திகதி ஊர்ச்சனத்தைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிச் சொன்னார்கள்: டிசம்பர் 17க்குள் எல்லாரும் வெளிக்கிட வேண்டும். 47 நாள். ஐரோப்பாவில் இறங்கப்போகும் அமெரிக்கப் படைகளுக்குத் தெருச்சண்டை பழக ஒரு ஊர் வேண்டுமாம். சனம் பெரிதாக எதிர்க்கவில்லை. நாட்டுக்கு யுத்தம், எங்கட பங்கு இது என்று போனார்கள். யுத்தம் முடியத் திரும்பி வரலாம் என்று நம்பித்தான் போனார்கள். ஊர்க் கொல்லர் அல்பேர்ட் நாஷ், நாற்பது வருடத்துக்கு மேல் அங்கே இரும்படித்தவர், தன்னுடைய பட்டடைக் கல்லின் மேல் சாய்ந்து அழுதுகொண்டு நின்றாராம். இடம்பெயர்ந்த பிறகு முதலில் செத்தவரும் அவர்தான். அவரைத் தாட்பதற்கு மட்டும் இம்பருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

யுத்தம் 1945இல் முடிந்தது. ஊரை விடவில்லை. ஷெல்லும் வெடியும் பட்டு வீடுகள் உடைந்தன. 1961 ஜனவரியில் இரண்டாயிரம் பேருக்கு மேல் தடையை மீறி ஊருக்குள் போய், ஊரைத் திருப்பித் தா என்று கேட்டார்கள். விசாரணை ஒன்று வைத்தார்கள். முடிவு இராணுவத்துக்குச் சார்பாக வந்தது. ஒரேயொரு சலுகை: வருடத்தில் ஒருநாள் கோயிலில் பூசை வைக்கலாம்.

இதை வாசிக்கிற வலிகாமம் வடக்கு ஆக்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட எங்கட கோயில்களுக்கும் திருவிழா நாளில் மட்டும் போய்க் கும்பிட விட்ட கதை எல்லாருக்கும் தெரியும். எங்கட குடும்பம் மயிலிட்டி. 1990 ஜூனில் வெளிக்கிட்டது, அப்போது நான் அம்மாவின் வயிற்றில். மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 ஜூலையில் விட்டார்கள். அப்பா போய்ப் பார்த்தார். கிணறு மட்டும் நின்றது. வீடு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கிணற்றை வைத்துத்தான் மட்டுக்கட்டினாராம். அந்த வீட்டின் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். இம்பர்ச் சனத்திடம் காணி உறுதி இல்லை, குத்தகைச் சீட்டுத்தான் இருந்தது. சட்டத்தில் அவர்கள் தோற்றதுக்கு அது ஒரு பெரிய காரணம். எங்கட ஆக்களிடம் உறுதி இருக்கிறது. சூட்கேசின் அடியில் வைத்து நாடு நாடாகக் கொண்டு திரிகிறார்கள். ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை.

இனி பஸ்ஸுக்கு வருவம். 2009இல் பஸ் தொழிலில் இருக்கிற சில நண்பர்கள் ஒரு பகிடியாகத் தொடங்கினது இந்த ஒருநாள் சேவை. அப்போது லண்டன் போக்குவரத்து ஆணையாளராக இருந்த பீற்றர் ஹென்டியும் அவர்களில் ஒருவர். ஆள் இல்லாத ஊருக்கு நேர அட்டவணை போட்டு பஸ் விடுகிறது என்றால் பகிடிதானே. ஆனால் ரிக்கற் காசில் சேர்கிற பணத்தில் இம்பர்க் கோயிலுக்கும் பங்கு போகிறது. 13ஆம் நூற்றாண்டுக் கோயில் அது, இப்போது அங்கே முழுதாக மிஞ்சிய கட்டடம் என்றால் அதுதான்.

நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம். கொண்டக்டர் இடுப்பில் கிப்சன் மெசினைக் கட்டி, பிடியைச் சுற்றி ரிக்கற் அடிப்பார். மணி ஒருதரம் அடித்தால் நில், இரண்டு தரம் அடித்தால் எடு. இந்த மணிப் பாஷை எங்கட சீ.ரி.பி. பஸ்ஸில் ஏறினவர்களுக்குப் புதிது இல்லை. வோர்மின்ஸ்ரர் முகாமைத் தாண்டியதும் மரமே குறைந்த வெளி. றோட்டோரம் பழைய தாங்கிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, குறி பார்த்துச் சுடுவதற்கு. வெடிக்காத குண்டு இருக்கலாம், றோட்டை விட்டு இறங்காதே என்று பலகைகள். அதைக் கண்டு சிரித்துக்கொண்டு படம் எடுக்கிற பிள்ளைகள் பஸ்ஸில் இருந்தார்கள். எனக்குக் கால் தானாகவே உள்ளே இழுத்தது.

நிலத்துக்கடியில் சுண்ணக்கல். காய்ந்த நாளில் பஸ் போகப் பின்னால் வெள்ளைப் புழுதி எழும்பும், சிவப்பு பஸ் பின்னேரம் றோஸ் நிறமாகி விடும். படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மத்தியான வெயிலில் சிவப்பு நிறம் கமராவில் ஊதிப் பெருத்து விவரமெல்லாம் அழிந்து போகும். முகில் மூடின நேரம் பார்த்து, வெளிச்சத்தை அரைப் படி குறைத்து எடுங்கோ. ஓடுகிற பஸ்ஸை எடுக்க ஷட்டரை 1/30 செக்கனில் வைத்து, பஸ்ஸோடு சேர்த்துக் கமராவையும் திருப்ப வேண்டும். பத்து எடுத்தால் ஒன்று சரிவரும்.

ஊருக்குள் இறங்கினால் வரிசையாகச் செங்கல் வீடுகள். யன்னல் இல்லை, கதவு இல்லை. பாழடைந்த பழைய வீடு என்று நினைத்து எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். உண்மையில் அவை 1970களில் வட அயர்லாந்துச் சண்டைக்குப் பழகுவதற்காக ஆமி கட்டிய வெறும் கூடுகள். ஒருநாளும் ஒருத்தரும் குடியிருக்காத வீடுகள். சனம் இருந்த பழைய கட்டடங்களில் மிஞ்சியது ஒருசிலதான், வேலிக்கு அந்தப் பக்கம். கோயிலுக்கு மட்டும் உள்ளே போகலாம்.

இரண்டாம் தரம் போனபோது கோயில் வளவில் ஒரு வயதான அம்மா ஒரு கல்லறையைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றார். தன்னுடைய தாய் இந்த ஊரில் பிறந்தவர் என்றார். படம் எடுக்கலாமோ என்று கேட்டேன், தலையாட்டினார். நான் எந்த ஊர் என்று கேட்டார். மயிலிட்டி என்றேன், இடத்தை விளங்கப்படுத்தினேன். "உங்களை உள்ளே விட்டார்களா?" என்று கேட்டார். கொஞ்சத்தை விட்டார்கள் என்றேன். "கொஞ்சம்" என்று தானும் சொல்லிவிட்டுத் திரும்பவும் கல்லைத் துடைக்கத் தொடங்கினார். அந்தப் படத்தில் பின்னால் ஒரு ரூட்மாஸ்டரின் பாதி தெரிகிறது. வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். அப்பா அந்தப் பஸ்ஸைக் காட்டி வருகிற ஆக்களுக்குக் கொழும்புக் கதை சொல்லுவார், கல்லறையைப் பற்றிக் கேட்டால் என்னைக் கேள் என்று விட்டுவிடுவார்.

போக விரும்புகிறவர்களுக்கு: வோட்டலூவில் ரயில் எடுத்து சால்ஸ்பரியில் மாறி வோர்மின்ஸ்ரரில் இறங்கினால் பஸ் நிலைய வாசலிலேயே நிற்கும். திகதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கோ, இராணுவம் றோட்டைத் திறந்துவிடும் நாளில்தான் ஓடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கோ. ஊரில் கடை ஒன்றும் இல்லை, சோற்றுப் பார்சலும் தண்ணீரும் கட்டாயம் கொண்டு போங்கோ.