அறையும் பட்டியலும்: பெண் ஆய்வாளர் வலையமைப்பு ஒன்றின் தோற்றக் கதையை மறுபடி வாசித்தல்

2005 டிசம்பர், கனடாவின் வான்கூவர். அப்போது நிப்ஸ் என்றும் இன்று நியூரிப்ஸ் என்றும் அழைக்கப்படும் இயந்திரக் கற்றல் மாநாட்டுக்கு வந்த சில முனைவர் பட்ட மாணவியர் ஓட்டல் அறை ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஹன்னா வாலக், ஜென் வோர்ட்மன் (பின்னாளில் ஜெனிஃபர் வோர்ட்மன் வான்), லிசா வைனர் ஆகியோர் அவர்களில் அடங்குவர். இரவு நேரப் பேச்சில், இயந்திரக் கற்றல் துறையில் தங்களுக்குத் தெரிந்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. அடுத்த ஆண்டு அக்டோபரில், சான் டியேகோவில், ‘இயந்திரக் கற்றலில் பெண்கள்’ என்ற முதல் பயிலரங்கு நடக்கிறது. சுருக்கமாக விம்எல் என்று அறியப்படும் இலாப நோக்கற்ற அமைப்பின் தோற்றக் கதை இதுதான்.

இந்தக் கதையைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரே திசையில் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு இது தனிமையின் கதை: ஆண்கள் நிறைந்த மண்டபத்தில் ஒதுங்கி நின்றவர்கள் ஓர் அறைக்குள் ஒருவரையொருவர் கண்டு ஆறுதல் பெற்றார்கள், அந்த ஆறுதலே அமைப்பாக வளர்ந்தது. இந்த வாசிப்பிலிருந்து ஒரு கண்டனமும் பிறந்தது. இத்தகைய வழிகாட்டல் வலையமைப்புகள் புகலிடங்கள் மட்டுமே, பெண்களைத் திருத்தப் பார்க்கின்றனவே ஒழிய நிறுவனங்களைத் தொடுவதில்லை என்பது அது. ஆதரிப்போரும் கண்டிப்போரும் ஒரே எடுகோளைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரு தரப்பும் அறையைப் பார்க்கின்றன, பட்டியலைப் பார்ப்பதில்லை.

இக்கட்டுரையின் வாதம் பட்டியலைப் பற்றியது. விம்எல் போன்ற அமைப்புகளின் அடிப்படை அலகு மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் சேர்ந்த இணை அன்று, பெயர்ப் பட்டியலே. வழிகாட்டல் அதிலிருந்து பிறக்கும் பல பயன்களில் ஒன்று.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘மென்டர்’ என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. ‘நெறியாளர்’ என்றால் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டில் கையெழுத்திடும் பேராசிரியர் நினைவுக்கு வருகிறார். ‘வழிகாட்டி’ என்றால் மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்பவரும் அதில் அடக்கம். இரண்டு சொல்லிலும் வழி தெரிந்த ஒருவர் முன்னே போகிறார், மற்றவர் பின்னே போகிறார். ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் இதே படிநிலை ஒளிந்திருக்கிறது. வான்கூவர் அறையில் அந்தப் படிநிலை இல்லை.

அந்தக் கதையில் இல்லாதவர் யார் என்று கேட்டுப் பார்க்கலாம். பெண் பேராசிரியர் எவரும் அறைக்குள் வந்து அறிவுரை கூறவில்லை. மாணவியரும் ‘எங்களுக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்கள்?’ என்று தொடங்கவில்லை. ‘யார் யார் இருக்கிறார்கள்?’ என்றே தொடங்கினார்கள். முதற்கேள்வி உதவியை நாடுவது. இரண்டாவது கணக்கெடுப்பு. இரண்டுக்கும் உள்ள தூரம் சிறிதன்று.

கணக்கெடுப்பு ஒரு நம்பிக்கையைச் சோதிக்கிறது. சிறுபான்மையாக இருப்பவர் தம் எண்ணிக்கையைத் தாம் காணும் மண்டபத்தை வைத்தே மதிப்பிடுகிறார். ஒருவர் ஒரு தலைப்பில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருப்பார்; இன்னொருவர் வேறொரு கண்டத்தில் வேறொரு தலைப்பில் இருப்பார். இருவரையும் அறிந்த மூன்றாமவர் வாய் திறக்கும்வரை இருவர் கணக்கிலும் மற்றவர் இல்லை. ஆளுக்கொரு துண்டாகச் சிதறிக் கிடந்த அறிவை அந்த அறை ஒன்றாக்கியது. ஆறுதல் கிடைத்திருக்கலாம், அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஆறுதலோடு நின்றிருந்தால் மறுநாள் காலை உணவோடு அது முடிந்திருக்கும். பட்டியல் அறையை விட்டு வெளியே போகக்கூடியது.

இங்கே எச்சரிக்கை தேவை. தோற்றக் கதைகள் பின்னாளில் சொல்லப்படுபவை. சொல்லச் சொல்ல மெருகேறுபவை. ஓட்டல் அறை நாடகத்துக்கு ஏற்ற இடம், அதனாலேயே சந்தேகத்துக்கும் உரியது. மேலும் இவ்வகைக் கதைகளுக்கு ஒரு வாய்பாடும் உண்டு. 1987இல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த இயக்கு தளங்கள் பற்றிய மாநாட்டில், பெண்கள் கழிப்பறையில் தொடங்கிய பேச்சிலிருந்து கணினி அறிவியலாளர் அனிதா போர்க் ‘சிஸ்டர்ஸ்’ என்ற வலையமைப்பைத் தொடங்கியது கணினித் துறையில் பலமுறை சொல்லப்பட்ட கதை. பெரிய மண்டபம், அருகே ஒரு சிறிய அறை, உள்ளே சில பெண்கள்: விம்எல் கதை இந்த அச்சில் வார்க்கப்பட்டிருக்கக்கூடும் என்று ஒருவர் வாதிட்டால் முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆகவே கதையை மட்டும் நம்பாமல், அதற்குப் பின் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே முறை.

அவர்கள் ஆலோசனைக் கூட்டம் நடத்தவில்லை. ஆய்வுப் பயிலரங்கு நடத்தினார்கள். அழைக்கப்பட்ட உரைகள், மாணவியரின் போஸ்டர்கள், சூத்திரங்கள், வரைபடங்கள். வட்டமேசை வழிகாட்டலுக்கும் இடம் உண்டு. ஆனால் அமைப்பின் முகம் அறிவியலாகவே இருந்தது. புகலிடம் தேடுவோர் வாசலில் போஸ்டர் ஒட்டுவதில்லை.

இதைவிட முக்கியமானது இடமாற்றம். 2006இல் சான் டியேகோவிலும் 2007இல் ஆர்லாண்டோவிலும் பயிலரங்கு கிரேஸ் ஹாப்பர் விழாவை ஒட்டி நடந்தது. கணினித் துறைப் பெண்களுக்காக அனிதா போர்க்கும் டெல்லி விட்னியும் 1994இல் தொடங்கிய பெருங்கூட்டம் அது. அங்கே பெண்களுக்குப் பஞ்சமில்லை. புகலிடம்தான் நோக்கமென்றால் அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆயினும் 2008இல் பயிலரங்கு வான்கூவருக்கே, நிப்ஸ் மாநாட்டின் பக்கத்துக்கே, திரும்பிவிட்டது. எந்த மண்டபத்தில் தாங்கள் சிறுபான்மை என்று உணர்ந்தார்களோ அதே மண்டபத்தின் வாசலுக்கு.

முந்தைய ஆய்வுகள் இந்த நகர்வை நிர்வாக வசதி என்ற அளவில் கடந்துபோகின்றன. பயணச் செலவு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மாணவியர் இரண்டு மாநாட்டுக்குப் போவது எளிதன்று. ஆனால் விளைவைப் பாருங்கள்: பட்டியலின் வாசகர் மாறிவிட்டார். கிரேஸ் ஹாப்பரில் அதைப் படித்தவர் இன்னொரு பெண். நிப்ஸில் அதைப் படிப்பவர் உரையாளர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக் குழுத் தலைவர், கட்டுரை மதிப்பீட்டாளரைத் தேடுபவர், ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுப்பவர். துறையில் உள்ள பெண்களின் பெயர்க் கோவை ஒன்றை விம்எல் பொதுவில் பராமரித்துவருவது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி. ‘பேச அழைக்கலாம் என்று பார்த்தோம், பெண்கள் கிடைக்கவில்லை’ என்ற பழைய பல்லவிக்கு அந்தக் கோவை நேரடியான பதில். இது நிறுவனத்தைத் தொடாத வேலை என்று எப்படிச் சொல்வது?

இணை வழிகாட்டலே பயன் தரும் என்போர் கையில் எடுக்கும் வலுவான சான்று பொருளியல் துறையிலிருந்து வருகிறது. பெண் பொருளியலாளர்களுக்காக அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2004இல் தொடங்கிய செமென்ட் என்ற வழிகாட்டல் திட்டத்தில் இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகம். ஆகவே குலுக்கல் முறையில் உதவிப் பேராசிரியைகள் சிலர் சேர்க்கப்பட்டார்கள், சிலர் சேர்க்கப்படவில்லை. பிளாவ், கரி, குரோசன், கிந்தர் ஆகியோர் 2010இல் வெளியிட்ட இடைக்கால முடிவின்படி, 2004 குழுவில் பங்கேற்றோருக்கு ஐந்தாண்டுகளில் சராசரியாக மூன்று வெளியீடுகளும் 0.4 ஆய்வு நல்கையும் கூடுதலாகக் கிடைத்தன. முதல்தர இதழில் ஒரு கட்டுரையாவது வெளியிடும் வாய்ப்பு 25 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. 2020இல் வந்த தொடராய்வு, பங்கேற்றோர் கல்வித்துறையில் நிலைப்பதும் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணி பெறுவதும் கூடியதைக் காட்டியது. வழிகாட்டல் ஆய்வுகளில் இவ்வளவு துப்புரவான வடிவமைப்பு அரிது.

ஆனால் பங்கேற்றோருக்கு அங்கே என்ன நடந்தது? இரண்டே நாள் பயிலரங்கு. ஒரே ஆய்வுப் பரப்பைச் சேர்ந்த இளையோர் சிறு குழுவாக அமர, மூத்தவர் ஓரிருவர் உடனிருக்க, ஒருவர் கட்டுரையை மற்றவர்கள் படித்துக் கிழித்துத் தைத்தார்கள். குருவும் சீடரும் என்ற இணை அங்கே இல்லை. சம வயதினர் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டதே விளைவின் பெரும்பங்கு என்று முடிந்த முடிபாகச் சொல்ல அந்தச் சோதனை இடம் தராது. குழுவின் பங்கையும் மூத்தவரின் பங்கையும் அது தனித்தனியே அளக்கவில்லை. பொருளியல் வேறு, இயந்திரக் கற்றல் வேறு என்பதும் உண்மை. எனினும் இணை வழிகாட்டலுக்குச் சான்றாக அதைக் காட்டுவது பொருந்தாது என்பது மட்டும் உறுதி.

இன்னொரு ஆட்சேபம் எண்களிலிருந்து வருகிறது. 2017இன் முன்னணி இயந்திரக் கற்றல் மாநாடுகள் மூன்றில் பங்களித்த ஆய்வாளரில் பெண்கள் 12 விழுக்காடே என்று எலிமென்ட் ஏஐ நிறுவனத்தின் கணக்கெடுப்பு 2018இல் தெரிவித்தது. பத்தாண்டுக்கு மேல் உழைத்தும் இதுதானா? கேள்வி கூர்மையாகத் தெரிகிறது. ஆனால் விகிதத்தில் வகுக்கும் எண்ணும் இருக்கிறது. நிப்ஸுக்கு 2017இல் ஏறத்தாழ 8,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு நுழைவுச்சீட்டு பன்னிரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துபோனது. இப்படிப் பொங்கும் துறையில் விழுக்காட்டை வைத்து ஒரு தன்னார்வ அமைப்பை எடைபோடுவது, வெள்ளத்தில் துடுப்பு போடுபவரைக் கரையிலிருந்து அளப்பது போன்றது. விழுக்காட்டை உயர்த்தப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்ற வாதத்துக்கு இங்கே நீண்ட பதில் தேவையில்லை. ஃபெய்-ஃபெய் லீயும் ஓல்கா ருசகோவ்ஸ்கியும் 2015இல் ஸ்டான்ஃபோர்டில் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கிய கோடை வகுப்பு 2017இல் ஏஐஃபார்ஆல் என்ற அமைப்பாக வளர்ந்தது. அது வேறு வேலை, அதற்கு வேறு அளவுகோல்.

உண்மையில் சங்கடம் தரும் ஆட்சேபம் ஒன்று உண்டு. கண்டனக்காரர்கள் அதை எழுப்பாதது வியப்பு. பட்டியல்தான் சொத்து என்றால், அந்தச் சொத்தில் யாருக்கு அக்கறை? விம்எல் பயிலரங்குகளுக்குப் பொருளுதவி செய்தோரில் கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனங்கள் உண்டு. மாணவியரின் பயணச் செலவுக்கு நன்கொடை இல்லாமல் முடியாது. ஆள் தேடும் நிறுவனத்துக்கோ, தேர்ந்த பெண் ஆய்வாளர் அனைவரையும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் காண்பதைவிட மலிவான வழி இல்லை. இதனால் அமைப்பு கெட்டுவிட்டது என்று சொல்லச் சான்றில்லை. ஆனால் புதிதாக இப்படியொரு வலையமைப்பைத் தொடங்குவோர், பட்டியலில் பெயர் சேர்ப்பது யார், நீக்குவது யார், யாருக்குக் காட்டுவது என்பவற்றை முதல் நன்கொடைக்கு முன்பே எழுதிவைப்பது நல்லது. தோற்றத்தை ஆறுதலாக மட்டும் வாசிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எழவே எழாது.

எண்ணிப் பார்ப்பதிலிருந்து தொடங்கிய வலையமைப்பு இது ஒன்று மட்டுமன்று. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டிம்னிட் கெப்ரு நிப்ஸ் மாநாட்டுக் கூட்டத்தில் கறுப்பின ஆய்வாளர்களை எண்ணிப் பார்த்தார். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். 2017இல் அவரும் ரெடியட் அபேபேயும் சேர்ந்து ‘பிளாக் இன் ஏஐ’ அமைப்பைத் தொடங்கினர். அங்கும் முதலில் வந்தது எண்ணிக்கை, பிறகு பெயர்கள், பிறகு பயிலரங்கு, அதுவும் அதே மாநாட்டின் பக்கத்தில்.

2020இல், பெருந்தொற்றின் நடுவே, ஐசிஎம்எல் என்ற இன்னொரு இயந்திரக் கற்றல் மாநாட்டை ஒட்டி விம்எல் முதன்முறையாக இணையவழியில் ‘அன்-வொர்க்‌ஷாப்’ என்ற பெயரில் ஒரு கூடலை நடத்தியது. சிறு அமர்வுகளின் தலைப்புகளைப் பங்கேற்பாளர்களே முன்மொழிந்தார்கள், அவர்களே நடத்தினார்கள். அந்த ஆண்டு அறை என்று ஒன்றும் இல்லை. ஆளாளுக்கு வீட்டில் ஒரு திரை, அதில் வரிசையாகப் பெயர்கள்.