குடியம் குகைக்குப் போகிறவர்கள் கல்லை எடுத்து வராதீர்கள்



மழை விட்டு வெயில் தணிந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் நம் பிள்ளைகள் பலர் மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு விடுமுறை நாள் என்றால் தடா அருவிதான். இந்த முறை சிலர் பூண்டிக்கு அப்பால் இருக்கும் குடியம் குகைக்குப் போய்ப் படங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒருவர் கையகலக் கல் ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து, "இது ஆதிமனிதன் செய்த கோடரிதானா?" என்று கேட்டிருக்கிறார். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

குடியம், அல்லிக்குழி மலைத்தொடரில் இருக்கிறது. ஊரிலிருந்து முள்காட்டு வழியாகச் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். தடாவைப் போல அருவியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் காலடியைப் பாருங்கள். வழியெங்கும் உருண்டைக் கூழாங்கற்கள். தலைக்கு மேல் நிற்கும் பாறையும் அதே கற்களால் ஆனதுதான். காங்கிரீட் போட்டதுபோல், கூழாங்கல்லும் மணலும் இறுகிப் பாறையாகியிருக்கின்றன. மிகப் பழைய காலத்தில் ஓடும் நீர் உருட்டி வந்து சேர்த்தவை அவை. அதில் பெரும்பகுதி குவார்ட்சைட் என்னும் கடினமான கல். சரியான இடத்தில் தட்டினால் கூர்மையான விளிம்போடு உடையும். ஆதிமனிதர் இந்தப் பகுதியைத் தேடி வந்ததற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம். தண்ணீருக்குக் கொசஸ்தலை ஆறும் அதன் ஓடைகளும் இருந்தன.

இதை உலகுக்குத் தெரிவித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர். 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கற்கருவிகள் உண்மையிலேயே மிகப் பழையவை என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தியை அறிந்திருந்த ஃபூட், இங்கேயும் கிடைக்கலாம் என்று கண்ணைத் திறந்து வைத்திருந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழி ஒன்றில் முதல் கருவியைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு நம் அத்திரம்பாக்கம் ஓடைப் பகுதிக்கு வந்து ஏராளமான கருவிகளைக் கண்டார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு இப்படித்தான் தொடங்கியது.

கல் கிடைத்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. எந்த ஊர், எந்த மண், எந்த அடுக்கு என்று எழுதி வைத்தார். அவருடைய சேகரிப்பு இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் மதிப்போடு இருப்பதற்கு அந்தக் குறிப்புகளும் காரணம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1999 முதல் சாந்தி பப்பு அவர்களின் குழு அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தது. அங்கே மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு காலத்தை எப்படிச் சொன்னார்கள்? கல்லை மட்டும் வைத்து அல்ல, அது கிடந்த மண்ணையும் சேர்த்து வைத்துத்தான். மிகக் கீழ் அடுக்கின் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. மேல் அடுக்குகளில், பெரிய கோடரிகள் குறைந்து சிறிய, நேர்த்தியான கருவிகள் வரத் தொடங்கிய காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த மாற்றம் இந்தியாவில் நிகழ்ந்தது அதற்கு மிகவும் பிற்பட்ட காலத்தில் என்றுதான் அதுவரை பலர் கருதியிருந்தார்கள். உலக அறிஞர்களை நம் திருவள்ளூர் மாவட்டத்து மண் மறுபடி யோசிக்க வைத்தது.

இந்த இரண்டாவது கணக்கு எப்படிப் போட்டார்கள் என்பதைக் கேளுங்கள். மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் மணல் துகள், சுற்றியுள்ள இயற்கைக் கதிர்வீச்சிலிருந்து ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கிறது. உண்டியலில் காசு சேர்வதுபோல. வெயில் பட்டால் உண்டியல் காலி. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்த மண் கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று தெரிந்துவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் மண் மாதிரியை வெளிச்சம் படாமல் எடுக்கிறார்கள். பொக்லைன் ஒருமுறை புரட்டிப் போட்டால் பல லட்சம் ஆண்டுச் சேமிப்பும் அடுக்கும் சேர்ந்தே போய்விடும்.

குடியத்திலும் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. கைக்கோடரிக் காலத்தின் பிற்பகுதி முதல் நுண்கருவிக் காலம் வரை தடயங்கள் கிடைத்தன. நெடுங்காலம் நிலையாகக் குடியிருந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. குகையைப் பார்த்ததும் "இங்கேதான் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள்" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் மண் சொல்வதை மட்டும்தான் நாம் சொல்ல முடியும்.

ஆகவே, கல் கொண்டுவந்த தம்பிக்குப் பதில் இது. படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, நீரில் உருண்டு உடைந்த கல்லும் கோடரி போலத் தோன்றும். ஒருவேளை அது கருவியாகவே இருந்தாலும், இடம் தெரியாத கருவி விலாசம் கிழிந்த கடிதம்தான். காப்புக்காட்டிலிருந்து கல் எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

இனிப் போகிறவர்கள் வனத்துறை அனுமதி பெற்றுப் போங்கள். முதலில் பூண்டியில் 1985 முதல் இயங்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கண் பழகும். காட்டில் ஒரு கல் கருவிபோலத் தெரிந்தால், எடுக்காமல் படம் பிடியுங்கள். இடத்தைக் கைபேசியில் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள்.

தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. மனையை மேடாக்க லாரி லாரியாகக் கிராவலும் சவுடும் வாங்குகிறீர்கள். ஃபூட் முதல் கருவியைக் கண்டதும் ஒரு சரளைக் குழியில்தான் என்பதை நினைவில் வையுங்கள். மண் எந்த ஊரிலிருந்து வருகிறது, அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்டால் லாரிக்காரர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்